மறைகுறைப் பிரிவில் ஒரு சாட்சி

அக்கா வீட்டுச் சமையலறையில் ஒரு தக்காளியைத் தரையில் வைத்தால் அது யாரும் சொல்லாமலே உருண்டு பின்கதவுவரை போய் நிற்கும். முதலில் அக்கா இதை வீட்டின் சமர்த்து என்றுதான் எடுத்துக்கொண்டாள். கீழே விழுந்ததைத் தேடி அலைய வேண்டாம், எல்லாம் ஒரே மூலையில் கிடைக்கும். பிறகு கதவுகள் சாத்திக்கொள்ள மறுத்தன. பிறகு படுக்கையறைச் சுவரில், பீரோவுக்கு மேலே, ஒரு விரிசல் எட்டிப் பார்த்தது. கட்டடக்காரர் கொடுத்திருந்த உத்தரவாதக் காலம் முடிகிறவரை அது மரியாதையாகக் காத்திருந்து, முடிந்த கையோடு வந்தது.

அப்படித்தான் அக்கா எல்லோரிடமும் சொன்னாள். அது முழு உண்மையில்லை என்று அவள் தம்பிக்குத் தெரியும்.

தம்பியைத் தெரிந்தவர்கள் பல்செட்டுக்காரர் என்றே கூப்பிடுவார்கள். ஒரு பல் மருத்துவமனையின் பின்பக்கம், ஜன்னலில்லாத சின்ன அறையில் உட்கார்ந்து, பிளாஸ்டரில் அச்சு எடுத்து, மெழுகு வைத்து, பொக்கை வாய்களுக்குப் பல் செய்து கொடுப்பது அவர் தொழில். கட்டடக்காரர் பழக்கமானதும் அப்படித்தான். கட்டடக்காரரின் அம்மாவுக்கு இவர் செய்த பல்செட்டு கச்சிதமாகப் பொருந்திவிட்டது. அம்மா சிரிக்க, பக்கத்தில் நின்ற மகனும் சிரிக்க, அந்தச் சிரிப்பிலேயே பல்செட்டுக்காரர் விழுந்துவிட்டார்.

அக்கா நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலை பார்த்த காலமெல்லாம் விடுதி அறை, வாடகை அறை என்று ஒரே பெட்டியோடு மாறிக்கொண்டே இருந்தவள். "எனக்குன்னு நாலு சுவர் வேணும்டா. அதுல நான் ஆணி அடிச்சா எவனும் ஏன்னு கேக்கக் கூடாது" என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. "என்கிட்ட விடு. நம்ம ஆள் ஒருத்தர் இருக்கார்" என்றார் தம்பி. அக்கா விட்டுவிட்டாள். வேறு வீடு எதையும் போய்ப் பார்க்கவில்லை. தம்பி சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

உத்தரவாதம் முடிவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, கூட வேலை பார்த்த தோழிக்கு ஆபரேஷன் என்று அக்கா வெளியூர் போயிருந்தாள். செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போனாள். தண்ணீர் ஊற்றப் போனவர், ஜன்னலைத் திறந்து வைக்கலாம் என்று படுக்கையறைக்குள் நுழைந்தார். சுவரில் கைபட்டது. நாள் முழுக்க அச்சுகளைத் தடவித் தடவிப் பழகிய விரல் நின்றுவிட்டது. பீரோவை நகர்த்திப் பார்த்தால், தரையிலிருந்து கூரைவரை மயிரிழைபோல ஒரு விரிசல் நிதானமாக ஏறிப் போயிருந்தது.

கட்டடக்காரருக்குப் போன் செய்தார். கட்டடக்காரர் அன்றைக்கே ஒரு கொத்தனாரோடு வந்தார். விரிசலைப் பார்த்து, பழைய சிநேகிதரைப் பார்த்ததுபோலச் சிரித்தார்.

"இதுக்கா பயந்துட்டீங்க? சுவர்னா கொஞ்சம் மூச்சு விடும்ணே. பூசி பெயிண்ட் அடிச்சுட்டா போச்சு. அக்காகிட்ட மட்டும் சொல்லாதீங்க. வயசான காலத்துல ராத்திரி தூக்கம் போயிரும். நான் எங்க போயிறப் போறேன்?"

பல்செட்டுக்காரர் நம்பினார் என்று சொல்ல முடியாது. நம்பினால் வசதியாக இருக்கும் என்று நினைத்தார். நம்ம ஆள், நம்ம ஆள் என்று அத்தனை தடவை சொல்லிவிட்டு, இப்போது எந்த வாயால் போய்ச் சொல்வது? கொத்தனார் பூசினார். பெயிண்ட் அடித்தார்கள். பீரோ பழைய இடத்துக்கே வந்தது.

அக்கா திரும்பி வந்து கதவைத் திறந்ததும், "என்னடா இது, பெயிண்ட் வாசம்?" என்றாள்.

"நான்தான் அடிச்சேன். நீ வந்து பாத்தா சந்தோஷப்படுவேன்னு" என்றார் தம்பி. அது எங்கிருந்து வாயில் வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

அக்கா அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் எழுந்து போய் எதிர் வீட்டில் சொன்னாள். பக்கத்து வீட்டில் சொன்னாள். பால் கொண்டு வருகிறவரிடம் சொன்னாள். "எனக்காக லீவு போட்டுட்டு வந்து அடிச்சிருக்கான்" என்றாள். லீவு அவளாகவே சேர்த்துக்கொண்டது.

விரிசல் திரும்பி வந்தபோது அவள் முதலில் சொன்னது வீட்டைப் பற்றி இல்லை. "நீ ஆசையா அடிச்ச பெயிண்ட் வீணாப் போச்சேடா" என்றாள். பல்செட்டுக்காரர் அன்று அறைக்குத் திரும்பி, கீழ்த்தாடைக்கு எடுத்த அச்சில் மேல்தாடைப் பற்களை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்.

முறைப்படி முதலில் கட்டடக்காரரிடம்தான் போனார்கள். அவருடைய அலுவலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் பொம்மை வீடுகள் நிமிர்ந்து நின்றன. எதிலும் விரிசல் இல்லை.

"உத்தரவாதம்ங்கறது என்னம்மா?" என்று கட்டடக்காரர் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். "குழந்தை நடக்கப் பழகறவரைக்கும் கையைப் பிடிச்சுக்கறோம். அப்புறம் விட்டுடறோம். விடலைன்னா அது குழந்தைக்கு நல்லதா? உங்க வீடும் இப்ப வளர்ந்துருச்சு. சொந்தக் கால்ல நடக்க ஆரம்பிச்சிருக்கு."

"வீடு நடக்கக் கூடாதுன்னுதானேங்க வாங்கினேன்?" என்றாள் அக்கா.

கட்டடக்காரர் இதற்கும் சிரித்தார். சிரித்தபடியே பல்செட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தார். மிரட்டல் எதுவும் இல்லாத, நட்பான பார்வை. பல்செட்டுக்காரர் பொம்மை வீடுகளின் பக்கம் திரும்பி, அவற்றின் ஜன்னல்களை மிகவும் கவனமாகப் பார்த்தார்.

அடுத்து வக்கீலம்மா. ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு அறை. கீழே மெஷின் ஓடினால் மேலே மேஜை நடுங்கும். வக்கீலம்மா அதற்குத் தகுந்தாற்போல நிறுத்தி நிறுத்திப் பேசுவார்.

"உத்தரவாதம் முடிஞ்சா உரிமையும் முடிஞ்சுதுன்னு அர்த்தமில்லம்மா. நாலு வழி இருக்கு. ஒண்ணு, வாங்கினப்ப கண்ணுக்குத் தெரியாம உள்ளயே இருந்த குறை. ரெண்டு, வீடுன்னு சொல்லி வித்தா அது குடியிருக்கத் தகுந்ததா இருக்கணும். அதை எழுதித் தர வேண்டியதே இல்லை. மூணு, அஜாக்கிரதையாக் கட்டினது. ஆனா இந்த மூணுலயும், இவ்வளவு நாள் ஏன் சும்மா இருந்தீங்கன்னு கேப்பாங்க. நாலாவது இருக்கு பாருங்க, அதுதான் பலமானது. கட்டினவர் குறை இருக்கறது தெரிஞ்சே மறைச்சார்னு காட்டிட்டா, அது உங்களுக்குத் தெரிய வந்த நாள்லருந்துதான் காலக்கெடு ஓடும். உத்தரவாதம் முடிஞ்ச கதையெல்லாம் எடுபடாது." மெஷின் நின்றது. "அவர் வந்து எதையாவது பூசி மறைச்சதை யாராவது பாத்தாங்களா?"

அக்கா கோபித்துக்கொண்டாள். "யார் பாக்கறதுங்க? நான் ஊர்ல இல்லாதப்ப சாவி இவன்கிட்டதான் இருந்துச்சு. இவனைத் தாண்டி எவன் உள்ள வந்து மறைச்சிட முடியும்?"

பல்செட்டுக்காரருக்குப் புரையேறியது. எதையும் குடிக்காமலே ஏறியது. வக்கீலம்மா தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, "சரி, முதல் வழியிலேயே போவோம்" என்றார்.

முதல் வழி கட்டடக் குறைதீர் மன்றத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மன்றத்தில் இரண்டு பிரிவுகள். கண்ணுக்குத் தெரியும் குறைகளுக்கு வெளிக்குறைப் பிரிவு. உத்தரவாதக் காலம் கடந்தவர்களை அங்கே வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத குறைகளுக்கு மறைகுறைப் பிரிவு. அதன் அதிகாரி மிகவும் தன்மையான மனிதர். உட்காரச் சொன்னார். அக்கா கொண்டுபோன புகைப்படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"விரிசல் நல்லாத் தெரியுதே" என்றார்.

"ஆமாங்க" என்றாள் அக்கா ஆர்வமாக.

"அதாம்மா பிரச்சனை. இது மறைகுறைப் பிரிவு. தெரியற குறையை நான் எப்படி எடுத்துக்க முடியும்?"

"முன்னாடி தெரியலைங்க. இப்பதான் தெரியுது."

"தெரியாதப்ப வந்திருக்கணும்."

"தெரியாதப்ப எதைச் சொல்லிங்க வர்றது?"

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். "எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க. ஞாயமான கேள்விதான். இருபது வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன், ஒரு மறைகுறையைக்கூட நான் கண்ணால பாத்ததில்லை. அவ்வளவு சுத்தமா நடத்தறோம்." அக்காவின் முகத்தைப் பார்த்து அவருக்கு மனம் இளகியிருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு பண்ணுங்க. சுவர்மேல ஒரு போர்வையைத் தொங்கவிட்டு, அதைப் போட்டோ எடுத்துட்டு வாங்க. போர்வைக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. நான் எடுத்துக்கலாம்."

அக்கா வீட்டுக்கு வந்து போர்வையைத் தொங்கவிட்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு விரித்த கை. ஒரு சுருக்கம் விழாமல் நான்கு மூலையும் இழுத்து ஆணியடித்தாள். தன் சுவரில் அடிக்க அவள் ஆசைப்பட்ட ஆணிகள் கடைசியில் அவைதான். தம்பி படம் எடுத்தார். அந்த விரிசலைத் தான் இரண்டாம் முறையாக மறைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே எடுத்ததில், முதல் படம் கலங்கிவிட்டது. "சரியா வரலைன்னா விடுடா, நீ காலையிலருந்து ஒண்ணும் சாப்பிடல" என்றாள் அக்கா.

போர்வையின் படம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. 'குறை எதுவும் புலப்படவில்லை. எனவே தகுதியுடையது' என்று முத்திரை குத்தினார்கள்.

பிறகு மன்றத்தின் நிபுணர் வந்தார். போர்வையை விலக்கி, விரிசலில் காதை வைத்துக் கேட்டார். விரிசல் உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா என்று முதலில் தெரிய வேண்டும் என்றார். செத்த விரிசல் என்றால் பூசிவிடலாம். உயிருள்ள விரிசல் என்றால் அஸ்திவாரம் இறங்குகிறது என்று அர்த்தம். அதைக் கண்டுபிடிக்க, விரிசலுக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டி, இரண்டு பக்கமும் மன்றத்தின் அரக்கு முத்திரை வைத்தார்.

"சுவர் அசைஞ்சா கண்ணாடி உடையும். உடைஞ்சா உங்க கேஸ் நிக்கும்" என்றார்.

கண்ணாடி அந்த வாரமே உடைந்தது. அக்கா இனிப்பு வாங்கி வந்து எதிர் வீட்டுக்குக் கொடுத்தாள். நிபுணர் வந்து பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"மன்றத்தோட முத்திரை வச்ச பொருளை உடைக்கறது குத்தம்னு தெரியுமாம்மா?"

"நான் உடைக்கலீங்க. சுவர்தான் உடைச்சுது. உடையணும்னுதானே ஒட்டினீங்க?"

"உடையறது வேற. முத்திரையோட உடையறது வேற."

முத்திரையைச் சேதப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. மன்றத்தின் ஊழியர் அதை விதிப்படி சம்பவ இடத்திலேயே, அதாவது விரிசல் மேலேயே, ஒட்டிவிட்டுப் போனார். நான்கு நாளில் நோட்டீஸ் நடுவில் கிழிந்தது. மன்றத்தின் நோட்டீஸைக் கிழித்ததற்கு இன்னொரு நோட்டீஸ் வந்தது. அதை மட்டும் அக்கா கெஞ்சிக் கேட்டுக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"என் வீட்டுக்கு வந்துடுக்கா. இது முடியறவரைக்குமாவது" என்று பல்செட்டுக்காரர் தினமும் கூப்பிட்டார். அவர் மனைவியும் வந்து கூப்பிட்டாள்.

"சொந்த வீட்டை வச்சுக்கிட்டுத் தம்பி வீட்டுல போய்ப் படுத்தா, வீடு வாங்கிக் கொடுத்தவனுக்குத்தான் கெட்ட பேரு. சும்மா இரு" என்றாள் அக்கா. 'கெட்ட பேரு' என்றபோது தம்பியின் கன்னத்தை வேறு தட்டினாள்.

ஒரு மத்தியானம், அச்சுக்குப் பிளாஸ்டர் குழைத்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. எதிர் வீட்டுக்காரி பேசினாள். சுவரிலிருந்து பூச்சு பாளமாகப் பெயர்ந்து கட்டிலில் விழுந்திருக்கிறது. படுத்திருந்த அக்காவுக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது. பல்செட்டுக்காரர் குழைத்த கையைக் கழுவாமலே ஓடினார். ஆஸ்பத்திரி வராந்தாவில் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். அவள் தலைமுடியில் இன்னும் சுண்ணாம்புத் தூள். அந்தத் தூளின் நிறத்தை அவர் அடையாளம் கண்டுகொண்டார். மற்ற சுவர்களின் வெள்ளையைவிட ஒரு பிடி கூடுதலான வெள்ளை. அவர் முன்னால் கொத்தனார் பூசியது.

"பெரிசா ஒண்ணுமில்லடா. உன் கை எல்லாம் மாவு. நீ சாப்பிட்டியா?" என்றாள் அக்கா.

அன்று சாயங்காலம் அவர் தனியாக ஜெராக்ஸ் கடை மாடிப்படி ஏறினார். எல்லாவற்றையும் சொன்னார். வக்கீலம்மா குறுக்கே பேசாமல் கேட்டார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் சார். அக்கா சாவின்னு சொன்னதும் உங்களுக்குப் புரையேறுச்சு பாருங்க."

"அப்பவே ஏம்மா கேக்கல?"

"இருமலை வச்சு ஒருத்தரைக் கூண்டுல ஏத்த முடியாது சார். அவங்களா ஏறணும்."

"அக்காவுக்குத் தெரியாம சொல்ல வழியிருக்கா? அவ இல்லாத நாளாப் பாத்து?"

வக்கீலம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தானே கேட்டது தன் காதிலேயே விழுந்ததும், பல்செட்டுக்காரர் எழுந்து படியிறங்கிவிட்டார்.

விசாரணைக்கு முன்னால் எப்படியாவது அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்று அவர் முயன்றார். பொய்யில்லை, முயன்றார். ஒரு நாள் சமையலறை வாசல்வரை போய் "அக்கா" என்றார். "என்னடா?" என்றாள். "குழாய் சொட்டுது" என்று சொல்லிவிட்டு வந்தார். சொட்டத்தான் செய்தது. அதைச் சரி செய்து கொடுத்தார். அதற்கும் அக்கா எதிர் வீட்டில் பெருமை பேசினாள்.

விசாரணை நாள் வந்தது. மன்றத்தின் கூடத்தில் உயரமான மேடை, அதன்மேல் மூன்று நாற்காலிகள், நடு நாற்காலியில் தலைவர். அவர் எந்த வழக்கையும் ஒரு முன்னுரையோடுதான் தொடங்குவார்.

"இந்த மன்றம் கட்டினவங்க பக்கமும் இல்ல, வாங்கினவங்க பக்கமும் இல்ல. நாங்க காலக்கெடுவோட பக்கம். சிலபேர் நினைக்கறாங்க, குறையைத் தீர்க்கத்தான் மன்றம்னு. குறைகளைத் தீர்க்கறது வேற, குறைகளோட எண்ணிக்கையைத் தீர்க்கறது வேற. போன வருஷம் வந்த குறைகள்ல முக்கால்வாசியை, காலம் கடந்து வந்துதுன்னு சொல்லியே தீர்த்து வச்சோம். ஒரு செங்கல்லைக்கூடத் தொடாம. இந்தச் சாதனை வேற எந்த மன்றத்துக்கும் கிடையாது."

இரண்டு உறுப்பினர்களும் தலையசைத்தார்கள். கட்டடக்காரர் எழுந்து, தான் கொடுத்தது நல்ல வீடு என்றும், அதற்குப் பிறகு அதில் ஆள் குடியிருந்ததால்தான் இந்த நிலைமை என்றும் பணிவாகச் சொன்னார்.

தலைவர் அக்காவைப் பார்த்தார். "வீட்டுக்குள்ள நடப்பீங்களா?"

"நடப்பேங்க."

"அதிகமா எந்தப் பக்கம்?"

அக்கா யோசித்தாள். "சமையலறைப் பக்கங்க."

"எழுதிக்குங்க. மனுதாரர் ஒரே பக்கமா நடந்திருக்கார்." எழுத்தர் எழுதிக்கொண்டார். "சரி. உத்தரவாதம் இருக்கும்போதே விரிசல் இருந்ததுக்கு ஏதாவது அறிகுறி இருந்திருக்கணுமே? ஒரு பொறுப்பான வீட்டுக்காரர் கவனிச்சிருக்கணுமே? அந்தச் சுவர்ல ஏதாவது மாற்றம் பாத்தீங்களா?"

"இல்லீங்க. ரொம்ப நல்லா இருந்துச்சு. புதுசா பெயிண்ட் அடிச்சிருந்துச்சு."

"யார் அடிச்சது?"

"என் தம்பிங்க." அக்கா கட்டுப்போட்ட கையால் அவரைச் சுட்டிக் காட்டினாள். மேடையில் இருந்த மூன்று பேருக்கும் அவரை அறிமுகப்படுத்துவதுபோல இருந்தது. "நான் ஊருக்குப் போயிருந்தப்ப, லீவு போட்டு வந்து, எனக்குன்னு அடிச்சு வச்சிருந்தான்."

பல்செட்டுக்காரர் எழுந்து நின்றார். யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை.

"நான் அடிக்கலீங்க" என்றார்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்காமல் மேடையின் பலகையைப் பார்த்துச் சொன்னார். தண்ணீர் ஊற்றப் போனது. விரிசலைப் பார்த்தது. போன் செய்தது. கொத்தனார் வந்தது. பூசியது. பெயிண்ட் அடித்தது. சொல்லாதே என்றதும் சொல்லாமல் இருந்தது. "அப்ப உத்தரவாதம் இருந்துச்சுங்க. அன்னைக்கே நான் ஒரு வார்த்தை அக்காகிட்ட சொல்லியிருந்தா, அவ உங்க முன்னாடி வந்து நின்னிருக்க வேண்டியதில்ல. அவ கையும் முறிஞ்சிருக்காது."

கட்டடக்காரரின் முகத்திலிருந்து சிரிப்பு போயிருந்தது. சிரிப்பில்லாமல் பார்த்தால் அவர் யாரோ வேறு ஆள் மாதிரி இருந்தார்.

"அண்ணே, என்ன பேசறீங்க?" என்று அவர் துள்ளி எழுந்தார். "நீங்க கூப்பிட்டுத்தானே வந்தேன்? நீங்க காட்டித்தானே பூசினேன்? இப்ப வந்து என் தலையில..."

வக்கீலம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்: "வந்தேன், பூசினேன்னு சொல்றாரு. எழுதிக்குங்க."

எழுத்தர் பழக்கதோஷத்தில் எழுதிவிட்டார்.

தலைவர் மிகவும் சங்கடப்பட்டார். ஒரு வழக்கில் இப்படி உண்மை வந்து நடுவில் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கு முன்மாதிரி ஏதும் இருக்கிறதா என்று பார்க்க, மூவரும் உள்ளே போனார்கள். நெடுநேரம் பார்த்தார்கள். இல்லை போலிருக்கிறது. வெளியே வந்தபோது தலைவரின் குரலில் ஒரு தோல்வி தெரிந்தது. கட்டடக்காரர் குறையை அறிந்தே மறைத்தது அவர் வாயாலேயே வெளிப்பட்டுவிட்டதாலும், அதற்கு எதிராகக் காலக்கெடுவை வைத்துக் காப்பாற்ற வழியில்லாததாலும், அஸ்திவாரத்திலிருந்து வீட்டைச் சரி செய்து கொடுக்க வேண்டும். வேலை முடியும்வரை மனுதாரர் தங்க வேறு வீடும் கட்டடக்காரரே ஏற்பாடு செய்ய வேண்டும். முத்திரை உடைந்தது, நோட்டீஸ் கிழிந்தது ஆகிய இரண்டு விஷயங்களிலும் மனுதாரரை மன்றம் பெருந்தன்மையோடு மன்னிக்கிறது.

எல்லோரும் எழுந்தார்கள். பல்செட்டுக்காரர் மட்டும் அங்கேயே நின்றார்.

"ஐயா, எனக்கு?"

"உங்களுக்கு என்ன?"

"நானும் சேர்ந்துதானே மறைச்சேன். எனக்கு ஒண்ணும் சொல்லலையே?"

தலைவர் இரண்டு பக்கமும் உறுப்பினர்களோடு கலந்து பேசினார். ஒருவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். கடைசியில் தலைவரின் முகம் மலர்ந்தது. அன்று முழுவதும் அவர் தேடிக்கொண்டிருந்தது கிடைத்துவிட்ட மலர்ச்சி.

"உங்க தப்பு நடந்து ரொம்ப நாளாச்சு. நீங்க கட்டினவரும் இல்ல, வித்தவரும் இல்ல. உங்க மேல யாரும் உரிய காலத்துல புகார் குடுக்கவும் இல்ல. அதனால உங்க தப்புக்குக் காலக்கெடு முடிஞ்சுபோச்சு. நீங்க நிம்மதியாப் போகலாம். அடுத்தது யாரு?"

வக்கீலம்மா அக்காவின் தோளைத் தொட்டு, "ஜெயிச்சுட்டீங்கம்மா" என்றார். அக்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவர் பக்கத்தில் உட்காரப் பயந்து, பின் இருக்கையில் உட்கார்ந்தார். அவளுடைய கொண்டைதான் தெரிந்தது. அழுகிறாளா என்று பார்க்க முடியவில்லை. இரண்டு நிறுத்தம் போயிற்று. மூன்றாவது நிறுத்தத்தில் அக்கா திரும்பாமலே பேச ஆரம்பித்தாள்.

"கை முறிஞ்சது போகட்டும். வீடு இறங்கினது போகட்டும். கட்டறான், சரி பண்றான். பெயிண்ட்டுன்னு ஏண்டா சொன்னே?"

அவர் வாயைத் திறந்தார்.

"பேசாதே! தெருவெல்லாம் போய்ச் சொன்னேனேடா. பால்காரன்கிட்டகூட சொன்னேனேடா, பாவி. எனக்காக ஒருத்தர் ஒரு சுவர்ல பெயிண்ட் அடிச்சாங்கன்னு. யாரு அடிச்சா எனக்கு இதுவரைக்கும்? ராத்திரி லைட்டை அணைச்சுட்டு அந்தச் சுவரைத் தடவிப் பாத்துட்டுத்தான்டா படுப்பேன். இன்னைக்கு அத்தனை பேருக்கு முன்னாடி, இவன்தான் இவன்தான்னு கையைக் காட்டிச் சொல்ல வச்சியே! அந்த ஆள் எழுதிக்கிட்டாண்டா!"

இப்போது அவள் முழுவதுமாகத் திரும்பியிருந்தாள். குரல் ஏறிக்கொண்டே போனது. டிக்கெட் கொடுக்க வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நர்ஸாக இருந்த காலத்தில் மருந்து சாப்பிட மறுக்கும் நோயாளிகளைத் திட்டுகிற குரல் அது; தம்பியிடம் அவள் அதை ஒருநாளும் எடுத்ததில்லை. நம்ம ஆள் என்று சொன்னதிலிருந்து குழாயைச் சரி செய்ததுவரை ஒன்றையும் விடாமல், ஒவ்வொரு நிறுத்தமாகத் திட்டிக்கொண்டே வந்தாள். பல்செட்டுக்காரர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். "பெரிசா ஒண்ணுமில்லடா" என்று ஒவ்வொரு தடவையும் அவள் சொன்னபோது அவருக்கு நெஞ்சில் போய் அடைத்துக்கொண்டது எதுவோ, அது இப்போது கொஞ்சம் கொஞ்சமாக இடம் விட்டது. மூக்கு ஒழுகியது. துடைத்துக்கொண்டார்.

இறங்கும் இடம் வந்தது. அக்கா ஒரு கையால் கம்பியைப் பிடித்து இறங்கினாள். அவர் தாங்கிக்கொள்ள ஓடி வந்தார். கையைத் தட்டிவிட்டாள்.

"எங்க வர்றே? உன் வீடு அந்தப் பக்கம்."

"உன்னை விட்டுட்டு..."

"வேண்டாம். ஒரு மாசத்துக்கு என் மூஞ்சியிலேயே முழிக்காதே." நான்கடி நடந்தவள் நின்று திரும்பினாள். "ஒரு மாசம். அதுக்கு மேல ஒரு நாள் தள்ளி வந்தியோ, கதவைத் திறக்க மாட்டேன்."

அவள் போகிற திசையையே அவர் பார்த்துக்கொண்டு நின்றார். தெருமுனை திரும்பும்வரை நின்றார். பிறகு தன் வீட்டுப் பக்கம் நடந்தார். மன்றம் கொடுத்த விடுதலையை எதிர்த்து எங்கே போய் முறையிடுவது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் இந்தத் தண்டனைமேல் அவர் மேல்முறையீடு எதுவும் செய்வதாக இல்லை.